2,000 ரூபா ஜாஸ்தி சம்பாதிச்ச குத்தத்துக்கு

தமிழ்நாட்டுல பொம்பளைங்களுக்கு மாசம் ஆயிரம் குடுக்கிற மகளிர் உரிமைத் தொகைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லன்னு போட்டு வச்சிருக்கிற கணக்க நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்த தாண்டக்கூடாதாம். சரி, குடும்பம்னா யாரு? ரேஷன் கார்டுல பேர் இருக்கிற அத்தன பேரும். எங்க அத்தை பையன் இப்பதான் மாசம் 21,000க்கு வேலைக்குப் போறான், பன்னெண்டால பெருக்குங்க, 2,52,000 வருது, வெறும் 2,000 தாண்டிருச்சு, அவ்ளோதான், அத்தைக்கு வருஷத்துக்கு 12,000 அவுட்டு. அந்த 21,000ல ரூம் வாடகை, மெஸ்ஸு, படிச்ச கடனுக்கு டியூ எல்லாம் போக வீட்டுக்கு என்ன வருதுன்னு கேக்க ஆளில்ல. வர்றதெல்லாம் கூட்டுவாங்களாம், கடன மட்டும் கழிக்கவே மாட்டாங்களாம், இது எந்த ஊர் கணக்குய்யா?

கார் விஷயம் இதவிட கொடும. ரெண்டு லட்சத்துக்கு பைக் வச்சிருக்கலாம், தப்பில்ல. எழுபதாயிரத்துக்கு ஒரு ஓட்டக் காரு வாங்கி, முடியாத அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா நீங்க வசதியானவங்க! அரசு மானியத்துல வண்டி வாங்கினவங்களுக்கு 2025ல விலக்கு குடுத்தாங்க, நல்லதுதான், ஆனா கந்து வட்டிக்கு கடன் வாங்கி செகண்ட்ஹேண்ட்ல எடுத்தவன் என்ன பாவம் பண்ணான்?

கரன்ட்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ள இருக்கணுமாம், அதாவது மாசம் 300. அண்ணன் தம்பி மூணு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓட்டுற வீடு எத்தன இருக்கு, அடுப்பு தனி, கார்டு தனி, மீட்டர் மட்டும் ஒண்ணு, அந்த மீட்டருக்கு எப்படிங்க தெரியும் எந்த யூனிட் யாரோடதுன்னு. நிலமும் அப்படித்தான், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் வரைக்கும். வானம் பாத்த பூமியில சீமக்கருவேலம் மண்டிக்கிடக்கிற 11 ஏக்கர் வச்சிருந்தா மிராசுதார் ஆயிடுவமா?

எல்லாருக்கும் குடுத்தா கஜானா தாங்காதும்பீங்க, ஒத்துக்கிறேன், 2023ல 1.63 கோடி பேர் மனு போட்டு 1.06 கோடி பேருக்குத்தான் கெடச்சுது, எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூபா போனாலும் மொத்த ஆயிரமும் போகுதே, அதத்தான் கேக்குறேன். 2.5ல இருந்து 3 லட்சம் வரைக்கும் பாதியாவது குடுக்கலாம்ல? மனு தள்ளுபடியானா 30 நாளுக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடலாம்னு சொன்னாங்க, போட்டு என்னத்த சொல்றது, 2,000 ரூபா தெரியாம சம்பாதிச்சுட்டான் மன்னிச்சுக்கோங்கன்னா?

அத்தை நேத்து போன் பண்ணி மெதுவா கேக்குறாங்க, "ஏன்டா, அவன் பேர கார்டுலேர்ந்து எடுத்துட்டா கெடைக்குமா?" பெத்த புள்ள பேருங்க அது.