கண்ணு தெரியாதவர்களின் டிவி

முந்தாநாள் இரவு அந்தப் பதிவின் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா தன்னுடைய எம் வரிசையில் ரேஞ்ச்ஃபைண்டரை (இரண்டு உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் பார்க்கிற பழைய கண்ணாடி ஏற்பாடு) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரை (லென்ஸ் பார்ப்பதைக் காட்டும் குட்டித் திரை, சுருக்கமாக ஈவிஎஃப்) வைத்து 2025 அக்டோபரில் எம் ஈவி1 என்று ஒன்றைக் கொண்டுவந்ததே, அது நல்ல காரியம்தான் என்று நான்கு வரி எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அதற்கு அண்ணன் ஒருவர் போட்ட பதில்: "கண்ணு தெரியாதவங்க டிவி பார்த்துக்கட்டும். எங்களை விட்டுடுங்க." அதற்கு நூற்றுக்கும் மேலே ஹாஹா. போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டேன், சரி.

வியூஃபைண்டர் எதற்கு இருக்கிறது? பார்ப்பதற்கு. என் கண்ணுக்கு எது வழியாகத் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் எனக்கு நல்ல வியூஃபைண்டர். இதைச் சொல்ல ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரின் அழகு தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சன்னல்கள். ஒன்று வழியாக நீங்கள் நேராகப் பார்க்கிறீர்கள். இன்னொன்றில் விழும் காட்சி கண்ணாடிகளில் திரும்பி வந்து, நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் ஆவி மாதிரி உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த ஆவி நகரும். இரண்டு உருவமும் ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. இதற்கு பேட்டரி வேண்டாம். 1954இல் எம்3 வந்ததிலிருந்து அடிப்படை இதுதான். கையில் எடுத்தால் கும்பிடத் தோன்றுகிற வேலைப்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அதில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் பார்ப்பதை அல்ல. பக்கத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கிட்டத்தில் போனால் தலை வெட்டுப்படாமல் இருக்க, படம் எதுவரை விழும் என்று உள்ளே காட்டும் கோடுகளை நகர்த்தித் தர வேண்டியிருக்கிறது. அதனால்தான் பெரிய லென்ஸ் போட்டால் அதுவே வந்து ஒரு மூலையை மறைக்கிறது. அதனால்தான் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ரோல் ரோலாக எடுத்துத் தள்ளிய மகான்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். லைக்காவுக்கே இது தெரியும். டெலி லென்ஸும் குளோசப்பும் இதில் சரிப்படாது என்றுதான் 1950களிலேயே விசோஃபிளெக்ஸ் என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செய்து, லென்ஸ் வழியாகவே பார்க்க வைத்தார்கள். பிறகு டிஜிட்டல் எம் கேமராக்களின் தலையில் கொம்பு மாதிரி மாட்டிக்கொள்ள எலெக்ட்ரானிக் ஃபைண்டரும் விற்றார்கள். கொம்பாக மாட்டினால் கலை, உள்ளே வைத்தால் டிவியா?

இன்னொன்று. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணனின் கழுத்தில் தொங்குவது ஃபியூஜி எக்ஸ்100. நல்ல கேமரா, 2011இல் வந்தபோது நானும் ஏங்கினேன். ஆனால் அது ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவே அல்ல. பார்க்க அந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உள்ளே கண்ணாடி வழியாகக் காட்சி தெரியும், உண்மை. அதன்மேல் மிதக்கிற ஃபிரேம் கோடும் எண்களும் ஒரு குட்டி எலெக்ட்ரானிக் திரையிலிருந்து வருகின்றன. ஃபோகஸைப் பார்த்துக்கொள்வது சென்சார். இரண்டு உருவத்தை ஒன்றாக்கும் வேலையே அதில் கிடையாது. ஆக, அண்ணனும் இத்தனை வருடமாகப் பாதி டிவிதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

'ஈவிஎஃப்பில் காட்சி தாமதமாக வரும், புள்ளி புள்ளியாகத் தெரியும்' என்பார்கள். தெரிந்தது, ஒரு காலத்தில். 2001இல் வந்த மினோல்டா டிமாஜ் 7 என்ற கேமராவின் ஃபைண்டரில் இரண்டு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். உள்ளே பார்த்தால் மழை நாளில் தூர்தர்ஷன் பார்த்த மாதிரி இருக்கும். 2004இல் டிமாஜ் ஏ2 வந்தபோது அது 9 லட்சத்தைத் தாண்டியது. இப்போது இந்த எம் ஈவி1இல் 57 லட்சத்து 60 ஆயிரம். இருபது வருடத்துக்கு முந்தைய வியாதியை வைத்து இன்றைக்கு ஒருவனை ஒதுக்கிவைப்பது என்ன நியாயம்?

'பேட்டரி தின்னும்.' தின்னட்டும். இன்னொரு பேட்டரி வாங்குங்கள்.

'ஃபிரேமுக்கு வெளியே நடப்பதைப் பார்க்க முடியாதே.' இது ஒன்றுதான் எனக்கு வலிக்கிற கேள்வி. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது நிற்பவர்களுக்குத் தெரியும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா ஃபிரேமுக்குள் நுழைவதற்கு முன்பே ரேஞ்ச்ஃபைண்டரில் கோட்டுக்கு வெளியே தெரிந்துவிடுவார். காத்திருந்து அழுத்தலாம். ஈவிஎஃப்பில் அவர் திடீரென்று வந்து நிற்பார். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கண்ணை எதற்கு மூடிக்கொள்கிறீர்கள்? (எழுதும்போதே தெரிகிறது, இது அவ்வளவு நல்ல பதில் இல்லை. இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.)

'ரேஞ்ச்ஃபைண்டர் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்.' கார் விலையில் ஒழுக்கம் விற்கிறார்கள் போலிருக்கிறது. சந்தோஷம்.

இப்போது அந்தக் 'கண்ணு தெரியாதவங்க' விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவிடம் ஒரு யாஷிகா எலெக்ட்ரோ 35 இருந்தது. பர்மா பஜாரில் வாங்கியது. 45 எம்எம் எஃப் 1.7 லென்ஸ், நடுவில் அதே இரட்டை உருவக் கட்டம். எங்கள் வீட்டின் எல்லாப் படங்களும் அதில் எடுத்தவை. ஃபிளாஷ் போட்டால் முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று அப்பா ஃபிளாஷே போட மாட்டார். ஃபோகஸ் வளையத்தைத் திருகும்போது மட்டும் அவர் மூச்சு நிற்கும். அது நின்றால் நாங்களும் அசைய மாட்டோம்.

1994இல் அக்கா கல்யாணம். ஸ்டுடியோக்காரர் ஒருபக்கம் எடுத்தாலும், அப்பா தன் பங்குக்கு மூன்று ரோல் எடுத்தார். நூற்றெட்டுப் படம். பிரிண்ட் வந்த அன்று நானும் அக்காவும்தான் முதலில் பிரித்தோம். ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை. அக்காவின் முகத்துக்குப் பின்னால் இருந்த வாழைமரம்தான் பளிச்சென்று இருந்தது. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது, சர்க்கரை, இரண்டு கண்ணிலும் புரை. அந்த ஆவி எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்தில் நாள் முழுக்க மூச்சைப் பிடித்துப் பிடித்து எடுத்தார்.

"லேப்காரன் கெடுத்துட்டான்பா" என்றாள் அக்கா. அப்பா ஒவ்வொரு படமாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஆமா, அவனுக்கு வேலை தெரியல" என்றார். யாஷிகாவைத் துடைத்து, உறையில் போட்டு, பீரோவில் வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அன்றைக்கு ஒரு டிவி இருந்திருக்கலாம், அண்ணா. ஒரு பொத்தானை அழுத்தினால் மகளின் முகம் பெரிதாகத் தெரிகிற டிவி. ஓரத்துச் சக்கரத்தைத் திருகினால் கண்ணின் பவருக்கு ஏற்ற மாதிரி சரியாகிற டிவி. எம் ரேஞ்ச்ஃபைண்டரில் அதற்குக்கூடத் தனியாக ஒரு லென்ஸ் வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும்.

'உன் அப்பா கதைக்கும் லைக்காவுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பீர்கள். தெரியாது. 'கண்ணு தெரியாதவங்க' என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இரவில் கார் ஓட்டும்போது எதிர் வண்டியின் லைட்டுக்குக் கண்ணைச் சுருக்குகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ரேஞ்ச்ஃபைண்டர் செத்துப்போகட்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. அதே எம் வரிசையில் அது இன்னும் விற்கிறது, வாங்குகிறவர்கள் வாங்கட்டும். தெரிகிறவர்கள் அதில் பார்க்கட்டும், தெரியாதவர்கள் இதில் பார்க்கட்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

அந்த கமென்டைப் படித்த மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். யாஷிகா இப்போது அவளிடம்தான் இருக்கிறது. திண்ணையில் நிற்கச் சொல்லிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கட்டத்துக்குள் இரண்டு அக்கா. வளையத்தை இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். இரண்டு அக்காவாகவே இருந்தாள்.

"எடுத்தாச்சாடா?" என்றாள்.

உள்ளே ஃபிலிமே இல்லை. "எடுத்தாச்சு" என்றேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் அந்த கமென்டுக்கு இன்னும் பதினோரு ஹாஹா வந்திருக்கிறது.