பிரான்குசியின் பறவை

"இதை லேத்தில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் கடைந்துவிடலாமே!"

ருமேனியச் சிற்பி பிரான்குசியின் 'வான்வெளியில் பறவை' சிற்பத்தின் படத்தைக் காட்டியதும் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். நேற்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

லேத் என்பது பொருளைச் சுழற்றிக் கடையும் இயந்திரம். அதில் கடைந்த பொருள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். இந்தப் பறவை அப்படியா இருக்கிறது? பக்கவாட்டில் பாருங்கள். மார்புப் பக்கம் மெல்லப் புடைக்கிறது. கீழே இறங்க இறங்க ஒடுங்கி, ஒடிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு மெலிகிறது. உச்சியைச் சாய்வாகச் சீவிவிட்டதுபோல் ஒரு சிறிய நீள்வட்டம். இறகு இல்லை, அலகு இல்லை, கால் இல்லை. மேலே எழும்பும் அந்த வேகம் மட்டும் இருக்கிறது.

என் நண்பரின் சந்தேகம் புதிதல்ல. இந்தப் பறவையைப் பிரான்குசி வெண்கலத்திலும் சலவைக்கல்லிலும் பல முறை செய்திருக்கிறார். 1926-இல் இந்த வெண்கலப் பறவைகளில் ஒன்று நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான்கள் வரும் பிரிவில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். கலைப் பொருளாக இருந்தால் வரியே கிடையாது. வழக்கு நீதிமன்றம் போனது. பிரான்குசி அதில் அளித்த வாக்குமூலம்தான் என் நண்பருக்கான பதில். வார்ப்பு கைக்கு வந்ததும் அதிலிருந்த ஓட்டைகளை அடைத்து, குறைகளைச் சரிசெய்து, அரத்தாலும், எமரி என்னும் மிக நைசான தேய்ப்புப் பொருளாலும் தானே கையால் தேய்த்ததாகச் சொல்கிறார். அந்த வேலைக்கு வெகு காலம் பிடிக்கும், முழுச் சிற்பத்தையும் முதலிலிருந்து செய்வதற்குச் சமம் என்கிறார். 1928 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பறவை என்று அடையாளம் காண்பது சிரமமாக இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கிறது, இது கலைதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பெரிய ஆதங்கம் வேறொன்று. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் இந்தப் பறவைகளில் மூன்றை வாங்கினார்: ஒன்று வெண்கலம், ஒன்று கறுப்புச் சலவைக்கல், ஒன்று வெள்ளைச் சலவைக்கல். அவற்றுக்காக ஒரு தியானக் கோயில் எழுப்புவதாகத் திட்டம். அதற்காகப் பிரான்குசி இந்தூருக்கே வந்தார். ஆனால் கோயில் எழும்பவில்லை. இரண்டு சலவைக்கல் பறவைகளையும் 1973-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிக்கொண்டது. வெண்கலப் பறவை கலிபோர்னியாவில் இருக்கிறது. மூன்றும் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டிய இடம் நம் நாட்டில் இருந்தது.