கண்மாய்க்கரை ஆலமரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் உயிர்க்கொல்லி வைரஸான நிபா, கேரளாவில் வந்திருக்கிறது என்று டிவியில் சொன்னாலே டீக்கடையில் யாராவது ஆரம்பித்துவிடுவார்: "முதல்ல அந்த மரத்த வெட்டணும்ப்பா." இந்த வாரமும் அதே பேச்சு. கேட்கக் கேட்க மனசு பதறுகிறது.

2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதல் ஆளுக்குத்தான் வௌவாலிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும். அடுத்தடுத்து விழுந்தவர்கள் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள், பணிவிடை செய்த சொந்தக்காரர்கள். பேராம்பிராவில் அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினியும் இறந்துபோனார். 2001இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியிலும் இதே கதைதான். நோய் கண்ட 66 பேரில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். நிபா எச்சில், சளி, சிறுநீர் வழியாக, நெருங்கி இருப்பவரைத்தான் பிடிக்கிறது. மூச்சுத்திணறி இருமுகிறவர் பக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

போன வருஷம் சித்தப்பா காய்ச்சலோடு படுத்திருந்தார். நிபா இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அந்த ரூமில் பதினோரு பேர் இருந்தோம். சித்தி முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார், அதே கையால் இட்லியைப் பிட்டு ஊட்டினார், அவர் மிச்சம் வைத்த காபியை அதே டம்ளரில் குடித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான். பார்க்கப் போகாவிட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுகிற ஊர் இது. அந்தப் பாசத்தை விடச் சொல்லவில்லை. கூட ஒருவர் மட்டும் இருங்கள், மாஸ்க் போடுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்புக்குத் தாங்காது.

அப்புறம், கடிபட்ட பழம். அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்று பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். ராத்திரி அதைக் கடித்தது அணிலா வௌவாலா என்று யார் பார்த்தது? வங்கதேசத்தில் வௌவால் நக்கிய பேரீச்ச மரச் சாற்றை, காய்ச்சாமல் குடித்துத்தான் பலருக்கு நிபா வந்தது.

மரத்தை வெட்டினால் வௌவால் செத்துப்போகாது. கலைந்து, வீட்டை ஒட்டிய தோப்புகளுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தையில் இதைப் பேசப் போகிறார்களாம். நானும் போகிறேன். மரம் வெட்ட ஒதுக்கும் காசில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாஸ்க்கும் சோப்பும் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன்.