பூஜ்ஜியம் எண் தனிமம்: ஒரு சின்னத் திருத்தம்

நியூட்ரான்களால் மட்டுமே ஆன தனிமத்தை 2022-இல் ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள், தனிம அட்டவணையில் (புரோட்டானே இல்லாததால்) பூஜ்ஜியம் எண்ணில் அதைச் சேர்த்தாயிற்று என்று ஒரு நண்பர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். சோதனை நடந்தது உண்மை. ஆனால் கிடைத்தது தனிமம் அல்ல.

ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் ஹீலியம்-8 அணுக்கருக்களைப் புரோட்டான்கள் மீது மோதவிட்டார்கள். அந்தக் கருவில் 2 புரோட்டான், 6 நியூட்ரான். மோதலில் 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் ஆல்பா துகளாகக் கழன்றுகொள்ள, மிஞ்சியவை 4 நியூட்ரான்கள். அவற்றை நேரில் பிடிக்கவில்லை. வெளியேறிய புரோட்டானையும் ஆல்பாவையும் அளந்து, மீதி ஆற்றலைக் கணக்கிட்டார்கள். அழகான உத்தி! நான்கும் சேர்ந்திருந்த நேரம் ஏறத்தாழ 10-இன் அடுக்கு −22 நொடி. புதிய தனிமம் என ஏற்க, அணுக்கரு 10-இன் அடுக்கு −14 நொடியாவது நீடிக்க வேண்டும் என்பது வேதியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐயுபேக் வைத்திருக்கும் அளவுகோல். பூஜ்ஜியம் எண்ணில் 'நியூட்ரோனியம்' என்ற தனிமம் இருக்கலாம் என்று வேதியியலாளர் ஆன்ட்ரோபாஃப் 1926-இலேயே முன்மொழிந்தார். அது இன்றும் கருதுகோள்தான்.

சரிபார்ப்பது சுலபம். ஐயுபேக் தளத்தில் உள்ள அட்டவணையைத் திறங்கள், அது ஹைட்ரஜனில், எண் 1-இல்தான் தொடங்குகிறது. நேச்சர் இதழில் 2022 ஜூனில் வந்த அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை இலவசமாகவே படிக்கலாம். 'ஒத்ததிர்வு போன்ற அமைப்பு', அதாவது கணநேரம் மட்டும் சேர்ந்திருந்து பிரியும் நிலை என்றுதான் அதில் சொல்கிறார்கள். நண்பர் பதிவைத் திருத்தினால், பகிர்பவர்களுக்கும் சரியான தகவல் போய்ச் சேரும்.