மூன்றாவது ரைடை எண்ணாதவன்

போன தை மாதம், கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில் நடந்த இரவுக் கபடிப் போட்டியில் எங்கள் அணி தோற்றதற்கு நான்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம். எங்கள் பக்கம் களத்தில் மூன்றே பேர். எதிரணியிலிருந்து பாடி வந்த ரைடர் உள்ளே வந்ததும், பயிற்சியாளராகக் கோட்டுக்கு வெளியே நின்ற நான் "பிடிடா!" என்று கத்தினேன். இடது ஓரத்தில் நிற்கும் கார்னர் பையன் கணுக்காலுக்குப் பாய்ந்தான். அவனைக் காப்பாற்ற மற்ற இருவரும் விழுந்தார்கள். ரைடர் மூவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார். மூன்று புள்ளி, களத்தில் ஒருவரும் மிஞ்சாத ஆல் அவுட்டுக்கு இன்னும் இரண்டு. அதோடு ஆட்டம் எங்கள் கையைவிட்டுப் போயிற்று.

வேனில் திரும்பும்போது அந்தக் கார்னர் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், அது அவங்களுக்கு மூணாவது ரைடுதானே? நாம சும்மா ஒதுங்கி நின்னிருந்தா அவரே அவுட் ஆகியிருப்பாருல்ல?"

அவன் சொன்னதுதான் சரி. அவர்களின் முந்தைய இரண்டு ரைடுகளும் யாருக்கும் புள்ளி இல்லாமல் வெறுமையாகப் போயிருந்ததால், அந்தப் போட்டியின் விதிப்படி மூன்றாவதில் அவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் ஆறு பேருக்குக் குறைவாக இருந்ததால், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைக் கடந்தும் அவருக்குப் பயனில்லை. முப்பது விநாடி விலகி நின்றால் போதும். நானோ வெறும் ரைடுகளை எண்ணவே இல்லை. ஆனால் அவனிடம், "நீ லேட்டாப் பாஞ்சே, அதான்" என்றேன். சொன்ன கணத்தில் அதை நானே நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது என்று பின்னர் யோசித்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, இதேபோல் மூன்று பேர் நின்றபோது நான் பிடிக்கச் சொல்லி, மூவரோ குறைவோ நின்று ரைடரைப் பிடிக்கும் சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி கிடைத்துக் கோப்பையும் வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். அன்று எடுத்த முடிவு சரியா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. குருட்டாம்போக்கில் கிடைத்ததை என் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கேரி கிளைன் என்ற உளவியலாளர், அனுபவசாலிகள் நெருக்கடியில் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பழகிய சாயலை அடையாளம் கண்டு உடனே செயல்படுகிறார்கள் என்றார். அதை மேற்கோள் காட்டி "உள்ளுணர்வை நம்புங்கள்" என்று பேசும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். அதே கிளைனும் இன்னொரு உளவியலாளரான டேனியல் கானமனும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரையை அவர்கள் தொடுவதில்லை: சூழலில் ஒழுங்கு இருந்து, தன் கணிப்பு சரியா தவறா என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் கிடைத்தால்தான் அந்த உள்ளுணர்வு நம்பத்தக்கது. ஒவ்வொரு தோல்வியையும் பையன் தலையில் கட்டும் பயிற்சியாளர், இருபது ஆண்டு களத்தில் நின்றாலும் அந்த வாய்ப்பைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

நினைவையும் நம்ப முடியாது. 1986இல் ஃபிராங்க்ஸும் மில்லரும் வெளியிட்ட ஆய்வில், கால்பந்து ஆட்டம் பார்த்தவர்கள் அதன் முக்கிய நிகழ்வுகளில் பாதியைக்கூடச் சரியாக நினைவுகூரவில்லை.

நான் போன பயிற்சி முகாம்களில் தசைகளின் பெயரும் வார்ம்-அப் முறையும் சொல்லித் தந்தார்கள், தேவையானவைதான். ஆனால் பயிற்சியாளரின் முடிவை ஒருவர் எதிரே அமர்ந்து "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று துருவியதே இல்லை. ஆட்டக்காரனுக்கு ஆயிரம் தடவை பிடி பழக்கும் நாம், நம் முடிவெடுப்பைப் பழக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

என் அப்பா குறுவைக்கு நாற்று விட்ட நாளையும், மேட்டூர் அணையின் அன்றைய நீர்மட்டத்தையும், ஏன் அந்த நாளைத் தேர்ந்தார் என்பதையும் கணக்கு நோட்டில் குறித்து வைப்பார். மழை கெடுத்த ஆண்டிலும் அந்தக் குறிப்பை அவர் திருத்தியதில்லை. அதைப் பார்த்துத்தான் நானும் ஒரு நோட்டு போட்டேன். ஆட்டத்துக்கு முன்பே, எந்த நிலையில் பிடிப்பது, எந்த நிலையில் விலகுவது, ஏன் என்று எழுதிவிடுகிறேன். முடிந்ததும் வீடியோவோடு ஒப்பிட்டுப் பையன்களிடமே படித்துக் காட்டுகிறேன். முதல் வாரங்களில் அவர்கள் வாய் திறக்கவில்லை. இப்போது நிறுத்துவதில்லை.

வெறும் ரைடுகளை எண்ணிச் சொல்ல, என் பக்கத்தில் ஒரு மாற்று ஆட்டக்காரனை உட்கார வைத்திருக்கிறேன். அவன் இரண்டு விரல் காட்டினால், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சென்ற ஞாயிறும் ஒருமுறை மீறினேன். அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது.