திரையில் தெரிந்தாலே குழாய் போய்விடாது

"வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் எப்பேர்ப்பட்ட மூச்சுவழியிலும் குழாய் போட்டுவிடலாம், கழுத்தைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொண்டைக்குள் பார்த்து, மூச்சுக்குழாயில் சுவாசக் குழாய் போட உதவும் கேமரா கருவி அது. அவர் சொன்னது பாதிதான் சரி. 2023-ல் வெளியான அமெரிக்காவின் 'டிவைஸ்' ஆய்வில் முதல் முயற்சியிலேயே குழாய் போனது வீடியோ கருவியில் 85.1 சதவீதம், சாதாரணக் கருவியில் 70.8. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வீடியோவிலும் ஏழில் ஒருவருக்கு முதல் முயற்சி பலிக்கவில்லையே!

கிளைடுஸ்கோப் என்ற வீடியோ கருவியைப் போல அதிகம் வளைந்த பிளேடில் (வாய்க்குள் நுழையும் தகடு) கேமரா வளைவைத் தாண்டிப் பார்த்துவிடும். குழாயும் அதே வளைவில் திரும்ப வேண்டும். ஸ்டைலட்டை (குழாய்க்குள் இருக்கும் வளைக்கக்கூடிய கம்பி) பிளேடுக்கு ஏற்ப வளைக்காவிட்டால், குரல்நாண் பளிச்சென்று தெரியும்போதே குழாய் நுனி முட்டிக்கொண்டு நிற்கும். நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலட்டைச் சற்றுப் பின்னிழுத்தால்தான் கீழே இறங்கும். திரையையே பார்த்துக்கொண்டு நுழைத்து அண்ணத்தைக் கிழித்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ரத்தமோ வாந்தியோ லென்ஸை மூடினால் அதுவும் போச்சு.

அப்புறம், கழுத்து வழி வேண்டாம் என்பது ஆபத்தான பேச்சு. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-ல் தந்த வழிகாட்டுதல், மூன்று முயற்சி, அனுபவசாலி வந்தால் இன்னொன்று, அதோடு நிறுத்தச் சொன்னது. குழாயும் போகாமல் ஆக்சிஜனும் கொடுக்க முடியாமல் போனால் கழுத்தின் முன்புறம் கீறி, அந்த வழியாகக் குழாய் போட வேண்டும். அதற்கு ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி), பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய வளையும் குச்சி), 6 மி.மீ. குழாய். இந்த மூன்றும் வீடியோ கருவி இருக்கும் அறையிலும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.