காப்பி அடித்த வான்கோ

படம் வரையப் பழகும் பிள்ளைகளில் சிலர் பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்க்கவே தயங்குகிறார்கள். பார்த்தால் சொந்தப் பாணி கெட்டுவிடுமாம். இந்தப் பயத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

டச்சு ஓவியர் வான்கோவையே எடுத்துக்கொள்வோம். 1887இல் பாரிசில் இருந்தபோது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்கள் இரண்டைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் போட்டார். ஐசென் என்ற இன்னொரு ஜப்பானியரின் படத்தை ஒரு பத்திரிகை அட்டையிலிருந்து டிரேஸ் எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். ஆமாம், நம் பள்ளிக்கூடத்தில் தலைவர்கள் படம் வரையப் போடுவோமே, அதே கட்டம்தான். ஹிரோஷிகே படங்களைச் சுற்றி, தனக்குப் படிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்துகளை வேறு வரிசையாக எழுதிவைத்தார். அசல் காப்பி!

சரி, அதனால் என்ன கெட்டுப்போனது?

அடுத்த வருடம், 1888 நவம்பரில், ஆர்ல் ஊரில் அவர் வரைந்த விதைப்பவன் படத்தைப் பாருங்கள். கை வீசி விதைக்கும் அந்த ஆள் பிரெஞ்சு ஓவியர் மில்லேயிடமிருந்து வந்தவன். அவனுக்கு முன்னால், படத்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் அடிமரம் முந்தைய வருடம் காப்பி அடித்த ஹிரோஷிகேயின் பிளம் மரத் தோட்டப் படத்திலிருந்து வந்தது. மில்லேக்கு மண், உழைப்பு, கனம். ஹிரோஷிகேக்கு நிழலே இல்லாத தட்டையான வண்ணம், பாதியில் வெட்டுப்பட்ட உருவங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத சமாச்சாரங்கள். இரண்டையும் ஒரே ஆள் விடாமல் நேசித்தார், அவ்வளவுதான். விதைப்பவன் தலைக்குப் பின்னால் தட்டு மாதிரி நிற்கும் அந்தப் பெரிய மஞ்சள் சூரியன், இவர்கள் இருவரில் யாரிடமும் கிடைக்காதது.

ஒரே குருவைப் பிடித்துத் தொங்குகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவருடைய கோடு, அவருடைய வண்ணம், கடைசியில் அவருடைய கையெழுத்தின் சாய்வு உட்பட வந்துவிடும். குருவைப் பார்ப்பதை நிறுத்து என்று அவர்களிடம் சொல்ல மாட்டேன், அவருக்குச் சற்றும் ஒத்துவராத இன்னொருவரைத் தேடிப் போகச் சொல்வேன்.

அப்புறம் இன்னொன்று. பாணி கைவந்த பிறகும் வான்கோ காப்பியை விடவில்லை. 1889இல் சேன் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் பார்த்து மீண்டும் வரைய ஆரம்பித்தார், கிட்டத்தட்ட இருபது படங்கள். பிரதியில் வண்ணம் இல்லை, அதை இவரே போட்டுக்கொண்டார். பேத்தோவன் இசையை ஒருவர் வாசித்தால் தன்னுடையதையும் அதில் சேர்த்துத்தானே வாசிக்கிறார் என்று தம்பி தியோவுக்குக் கடிதமும் எழுதினார்.